விலா எலும்பில் நீலக்கோடு

பர்னபாஸுக்குக் காது நல்ல காது. அந்தக் காதுதான் கடைசியில் அவரைக் கொல்லப் பார்த்தது.

தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல் லைன் வீட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர். மைன் மூடுகிற வரைக்கும் பதினாறு வருஷம் ஒரே வேலை. வெடி வைத்துப் புகை அடங்கியதும், கம்பியோடு முதல் ஆளாக உள்ளே போய்க் கூரைப் பாறையைத் தட்ட வேண்டும். 'கிண்' என்றால் கெட்டிப் பாறை, ஆள் வரலாம். 'பொம்' என்று காலியாகக் கேட்டால் பாறை பிட்டுக்கொண்டு நிற்கிறது, ஓடு. அவ்வளவுதான் படிப்பு. ஒரு ஷிப்டில் நாகேஷ் என்கிற கூட்டாளி, 'பொம்' கேட்ட இடத்துக்குச் சுத்தியலை எடுக்கத் திரும்பிப் போனார்; பாறை அவர்மேல் இறங்கியது. அவரை இழுக்க நீட்டிய கை, இன்றைக்கும் சில நாள் பர்னபாஸின் தூக்கத்தில் நீளும்.

அறுபதில் நாலு படி ஏறினால் இரைப்பு. பெங்களூரு வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். கல்தூசு நெஞ்சிலேயே தங்கிவிட்டது, அது போகாது. ஆனால் பாடிப் பழகினால் மூச்சைச் சிக்கனமாக விட வரும், மனசும் லேசாகும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொன்னாள். ஈஸ்டர் முடிந்த கையோடு சர்ச் பாட்டுக்குழுவில் போய் நின்றார்.

அவள் சொன்னது பொய்யில்லை. பத்துப் பேர் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் விடும்போது, நம் மூச்சை மற்ற ஒன்பது பேரும் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறார்கள். பாடிவிட்டு வந்த ராத்திரி பர்னபாஸ் கட்டையாகத் தூங்கினார். நாகேஷ் வருவது குறைந்தது. மனைவி சாராவிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. காலையில் அவள் தோசை ஊற்றுவாள், இவர் பக்கத்தில் முக்காலி போட்டுப் பாடுவார். கரண்டி மாவில் ஒரு வட்டம் சுற்றி முடிகிற வரைக்கும் பாட்டின் முதல் அடி ஒரே மூச்சில் ஓடும்.

பிறகுதான் அந்தப் புத்தி வந்தது. குளித்துவிட்டு வந்து, பாறையைத் தட்டுகிற மாதிரி தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். இடது கையை விலாவில் பதித்து, அதன்மேல் வலது நடுவிரலால் ஒரு தட்டு. 'பொம்.' இந்தப் பக்கமும் 'பொம்.' பதினாறு வருஷம் எந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடினாரோ, அதற்குள்ளேயே குடியிருக்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் கூடுதலாகப் பாடினார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், இடது பக்கம் கடைசி விலாவில் சத்தம் மாறியிருந்தது. கெட்டி. சுவரைத் தட்டின மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. பாட்டு நெஞ்சைக் கெட்டிப்படுத்துகிறது! நீலப் பேனா எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அடுத்த வாரம் இரண்டு விரல் மேலே இன்னொரு கோடு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. குளித்து அழிந்தால் அதன்மேலேயே திரும்பப் போட்டார்.

கோடு ஏற ஏற, வேறு சிலதும் நடந்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுட்டது. சட்டை தோளில் தொங்கியது. இடது பக்கம் ஒருக்களித்தால்தான் படுக்க முடிந்தது. தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்து கிடக்கிற சயனைட் மேட்டிலிருந்து காற்று அடித்த நாளெல்லாம் இருமல்.

பாட்டுக்குழுவை நடத்துகிற லாய்ட் மாஸ்டர் ஒரு சனிக்கிழமை பியானோவை நிறுத்திவிட்டார்.

"இன்னா பர்னபாஸ், நடு அடியில மூச்சு வாங்குற? போன மாசம் ரெண்டு அடி சேத்து இஸ்துகினு போன ஆளு நீ."

"குளிரு மாஸ்டர்."

"உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்லப்பா. காத்துதான் பத்தல."

"நெஞ்சு கெட்டியாகினு வருது மாஸ்டர். நான் தட்டிப் பாத்துட்டுதான் சொல்றேன்."

"தட்டிப் பாத்தியா? நீ இன்னா பலாப்பழமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பர்னபாஸும் சிரித்தார். சிரிப்புக்கே மூச்சு பத்தவில்லை.

மறுநாள் காலை தோசைக் கரண்டி பாதி வட்டம்கூடச் சுற்றவில்லை, பாட்டு அறுந்தது. சாரா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அவர் சட்டையைத் தூக்கினாள். ஐந்து நீலக்கோடு. கடைசிக் கோடு மார்புக்காம்புக்குப் பக்கத்தில்.

"இன்னாங்க இது? உடம்புல ஸ்கேல் வெச்சிருக்கீங்க!"

"கெட்டியான அளவு. நல்லதுதான் சாரா. பாட்டுதான் ஏத்துது."

"நல்லதுன்னா பாட்டு ஏன் கொறையுது? உங்க காத நம்புறீங்களே, என் கரண்டிய நம்ப மாட்டீங்களா? கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. கோடுகளைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அவர் தட்டுகிற மாதிரியே விரல் மேல் விரல் வைத்துத் தட்டிக்கொண்டே மேலே வந்தாள். ஐந்தாவது கோட்டில் நின்றாள்.

"யாரு போட்டது ஐயா?"

"நான்தாம்மா."

"கோடு கரெக்டா இருக்கு. நான் போட்டாலும் இங்கதான் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அர்த்தம் தலைகீழ். நெஞ்சு 'பொம்'னு கேக்கணும். உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். கெட்டியா கேட்டா, காத்துக்கு எடம் இல்ல. இது தண்ணி. கோடு கோடா ஏறியிருக்கு."

பர்னபாஸுக்கு, மைனை மூடித் தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்தினபோது உள்ளே தண்ணீர் ஏறியது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு லெவலாக, சத்தமே இல்லாமல். கேஜ் இறங்குகிற ஷாப்ட் குழியின் வாயில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு மேலே எதுவும் தெரியாது.

ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். டிபி என்று சொல்லி ஆறு மாச மாத்திரை. கல்தூசு இருக்கிற நெஞ்சில் அது வசதியாகக் குடியேறுமாம். பாட்டை விடலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "மாத்திரை வேலை செய்யட்டும். தொத்து அடங்கற வரைக்கும் சர்ச்சுல வேணாம், வீட்டுல ஜன்னல தெறந்து வெச்சுப் பாடுங்க. பாட்டு தண்ணிய எடுக்காது ஐயா. ஆனா தண்ணி வந்தா மொதல்ல சொல்றது அதுதான்" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து வீடு. முதல் காலை, கண்ணாடி முன்னால் இடது பக்கம் தட்டினார். 'பொம்.' தலைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. தானாக ஒரு அடி பின்னால் போய்விட்டது.

பிறகு வலது பக்கம். மேலே 'பொம்', நடுவில் 'பொம்', இதுவரை 'பொம்' என்றே கேட்ட கடைசி விலாவில் கெட்டி... இன்னொரு முறை தட்டினார். இன்னொரு முறை.

"இன்னாங்க?" அடுப்படியிலிருந்து சாரா.

"ஒண்ணுமில்ல."

"அப்ப வந்து பாடுங்க."

முக்காலியில் உட்கார்ந்தார். பாடினார். கரண்டி சுற்றியது, பாதி தாண்டியது, முக்கால் வந்தது. அங்கே குரல் நின்றது. சாராவும் கரண்டியை அங்கேயே நிறுத்திக் காத்திருந்தாள். மாவு வேக ஆரம்பித்தது. மீதி வட்டத்துக்குக் குரல் வரவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து நீலப் பேனாவை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"எங்கன்னு கோடு போடுங்க. எட்டரை வண்டிக்கு ஆஸ்பத்திரி போலாம்."

பர்னபாஸ் சட்டையைத் தூக்கினார்.