இடமில்லாமல் விட்ட கட்டம்

கேரள எல்லைப் பக்கத்துத் தமிழ் மீடியம் டீச்சர்களுக்குப் பாடம் எடுப்பது பாதி வேலைதான். மேலிடத்திலிருந்து மலையாளத்தில் வரும் தாள்களைத் தமிழில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது மீதிப் பாதி. பாறசாலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. தாள் நீளமாக இருந்தால் வெட்டிச் சுருக்கிவிடுவேன். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் காலநிலை மாற்றம் பற்றி எட்டாம் வகுப்புக்கு ஒரு செயல்பாடு வந்தது. வீட்டு மின் மீட்டரைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். எந்தப் பொருள் அதிகம் கரண்ட் இழுக்கிறது என்று கண்டுபிடித்துக் குறைக்க வேண்டும். மீட்டரில் மினுங்கும் சிவப்பு விளக்கு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மினுங்குகிறது என்று எண்ணச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. "டீச்சரே, அயர்ன் பெட்டி போட்டா லைட்டு கெடந்து துள்ளுது!" என்று ஒருவன் மறுநாள் காலையில் ஓடிவந்து சொன்னான். எங்கோ எரிகிற நிலக்கரிக்கும் நம் வீட்டு மீட்டரின் அந்தச் சிவப்புப் பொட்டுக்கும் தொடர்பு உண்டு என்று விளக்கியபோது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு வாய்த்த நல்ல வகுப்புகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மலையாளத் தாளின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. நோயாளிகளுக்கான கருவிகள் போல, அணைக்கவே கூடாதவற்றைத் தனியாக எழுதுவதற்கான கட்டம். நான் கோடு போட்ட தாளில் அதற்கு இடம் போதவில்லை. நம்ம ஊரில் யார் வீட்டில் அதெல்லாம் இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

போதாததற்கு, என் சொந்த மூளையில் உதித்ததாக ஒரு சார்ட் சுவரில் ஏறியது. யூனிட் குறைந்த வீட்டுக்குப் பச்சைக் காகிதத்தில் வெட்டிய ஓர் இலை. முதல் வாரத்திலேயே சார்ட் பாதி பச்சையாகிவிட்டது.

தனுவச்சபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் இலையே விழவில்லை. மற்றவர்கள் நாளுக்கு மூன்று, நான்கு யூனிட் என்று எழுதும்போது அவள் பத்து, பதினொன்று என்று எழுதிக்கொண்டு வருவாள்.

"உனக்க வீட்டுல என்ன பிள்ளே, ராவும் பகலும் ஏசி ஓடுதா? இல்ல, பஞ்சாயத்துக்கு முழுசும் நீதானாக்கும் கரண்டு குடுக்கியது?"

என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கொடுத்த தாளில் இடமே இல்லாத ஒன்றை அந்தப் பிள்ளை எங்கே எழுதும்?

இரண்டாவது வாரம் அவளுடைய கணக்கு இறங்கியது. ஒன்பது, எட்டு, பிறகு ஏழு. எல்லாரையும் கைதட்டச் சொல்லி நானே இலையை ஒட்டினேன். "நான் ஒண்ணும் அணைக்கல்ல டீச்சரே" என்றாள் அவள் குழப்பத்தோடு. எனக்கு அது தன்னடக்கமாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அக்கறையில் போனேன் என்று சொன்னால் பொய். மீட்டர் குறிப்பு நடுவில் விட்டுப்போகிறதே என்ற எரிச்சலில்தான் போனேன்.

முன்னறையில் கட்டிலில் அவள் அம்மா சாய்ந்திருந்தாள். மூக்கில் மெல்லிய குழாய். கட்டிலருகே பெட்டி போன்ற ஒரு மிஷின் இரைந்துகொண்டிருந்தது. நுரையீரல் கெட்டுப்போனதால், நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பாலியேட்டிவ்காரர்கள் கொடுத்த ஆக்சிஜன் மிஷின். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை, பிள்ளை சாயா போட உள்ளே போன நேரத்தில் அம்மாவே மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"டீச்சரே, பிள்ளைய வழக்கு பறஞ்சு ஏசக்கூடாது. எல்லாருக்கும் இலை கிட்டிச்சு, எனக்கு மட்டும் இல்லன்னு சொல்லி ஒரே அழுகை. அவ பள்ளிக்கூடம் போன பொறவு நான்தான் கொஞ்ச நேரம் மிஷினை அணைச்சு வச்சேன். அவளுக்குத் தெரியாது. அன்னைக்கு நேரம் கூடிப்போச்சு, போதம் கெட்டுட்டு. பக்கத்து வீட்டுக்காரி பாத்ததுனால நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாங்க."

"ஐயோ, இனி அப்பிடிச் செய்யாதீங்க. அது சும்மா ஒரு பேப்பரு" என்றேன்.

"அப்பிடிச் சொல்லலாமா டீச்சரே? பிள்ளைக்க படிப்புக் காரியமில்லா?"

தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்பதைப் போலப் பேசியது அவள். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் பிள்ளைகள் வரும் முன்பே சார்ட்டைக் கிழித்தெடுத்தேன். செயல்பாடு முடிந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் தனியாகக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்தாள். ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் குடை பிடித்து நின்றபோது, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸிடம் கேட்டேன். நுரையீரல் முன்பே தீர்ந்துபோயிருந்தது, நடுவில் அணைத்துவைத்தது காரணமல்ல என்று அவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். சில நாட்களில் அந்தப் பிடியும் நழுவிவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் என் மேசைக்கு வந்து பழைய நோட்டைத் திறந்து வைத்தாள். நான் நிறுத்தச் சொன்ன பிறகும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள். பக்கம் பக்கமாகப் பத்து, பதினொன்று. கடைசி ஆறு நாளும் இரண்டு.

"இது எதுக்கு மக்கா இப்போ?" என்றேன்.

"கொறைஞ்சா ஒடனே டீச்சர்கிட்ட காட்டணும்னு அம்மெ சொல்லியிருந்தா."