உச்சி வெயிலில் கழற்றாதவள்

தோவாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. ஃபான் ராங் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட அவை தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். யாராவது உற்றுப் பார்த்தால் கையை மறைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "நல்லாப் பாத்துக்கோ, கரண்டு கடிச்ச கை" என்று இன்னும் கிட்டத்தில் நீட்டுவாள்.

கடித்தது ஊருக்கு மேற்கே, ஆடு மேய்ந்த பொட்டலை வளைத்துப் போட்ட சோலார் பண்ணையில். அங்கே அவள் பராமரிப்பு வேலைக்காரி. ஒரு பலகையின் கம்பியை அடுத்த பலகையின் கம்பியோடு கோக்கிற கனெக்டர்கள் அவள் பொறுப்பு. கறுப்பு பிளாஸ்டிக்கில் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வெயிலில் வெளுத்து, கடல் காற்றில் அரித்து, உள்ளே மணல் புகுந்து, சில சூடேறி உருகத் தொடங்கும். அவற்றைத் தேடிப் பிடித்துப் புதிது மாட்ட வேண்டும். அதற்கு முன்னால் அந்த வரிசையின் சுவிட்சை அணைக்க வேண்டும். கரண்டு ஓடும்போது பிடுங்கினால் இரண்டு முனைக்கும் நடுவே நெருப்பு தாவிவிடும். இழுக்க இழுக்க அதுவும் கூடவே நீளும்.

இது அங்கே எல்லாருக்கும் தெரியும். மேற்பார்வையாளன் கியெமுக்கும் தெரியும். தெரிந்துதான் அன்று சொன்னான்: "ஒண்ணே ஒண்ணுதானக்கா, சட்டுனு புடுங்கிடுங்க. இதுக்குப் போய் வரிசையையே அணைச்சா மேலேருந்து என்னைக் கத்துவாங்க."

தோவா பிடுங்கினாள். கையுறை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது.

கட்டுப் பிரித்த பிறகு அவள் வேலைக்குத் திரும்பமாட்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. புருஷன் லோக்கும் அப்படித்தான் நினைத்தான். அவர்களுடைய சாம் இனத்தில் வீடு பெண்ணுடையது. கட்டிய நாளில் அவன் ஆட்டு மந்தையோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். அதனால் கொஞ்சம் தயங்கியே கேட்டான்.

"ஆடு இருக்கு, திராட்சைப் பந்தல் இருக்கு. இனிமே உனக்கு எதுக்கு அந்தப் பொழப்பு?"

"என் விரலைத் தின்னுட்டு அது அங்கயே ஜம்முனு நிக்குது. நான் மட்டும் ஏன் ஓடணும்?"

வேலைக்குத் திரும்பின வாரமே சந்தையில் ஒரு பூட்டு வாங்கினாள். நல்ல கனமான பித்தளைப் பூட்டு.

"ஆட்டுப் பட்டிக்கா?" என்றான் லோக்.

"இல்ல. கியெம் தம்பிக்கு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் பூட்டைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கோடை முற்றியபோது சைகோனிலிருந்து பண்ணையை விலை பேச ஆட்கள் வரப்போவதாகப் பேச்சு வந்தது. கியெமுக்குத் தூக்கம் போனது. வந்தவர்கள் கண்ணில் உருகின கனெக்டர் ஒன்றுகூடப் படக்கூடாது; உற்பத்தியும் ஒரு இம்மி இறங்கக்கூடாது. உச்சி வெயிலில் எல்லாரையும் கிழக்கு வரிசைக்குக் கூட்டி வந்து நிறுத்தினான்.

"அணைக்க வேணாம். அப்படியே ஒவ்வொண்ணாக் கழட்டி மாத்துங்க. கையுறை போட்டுக்குங்க."

"போன தடவை நானும் கையுறை போட்டிருந்தேன்" என்றாள் தோவா. "கழட்ட மாட்டேன்."

"உங்களை யாருக்கா கேட்டா? நீங்க போய்ப் புல்லு வெட்டுங்க. ஃபூ, நீ கழட்டு."

ஃபூவுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரையும் பார்க்காமல் கையுறையை மாட்டினான். அவன் குனிந்து கனெக்டரைத் தொடுவதற்குள் தோவா வரிசைக் கோடியிலிருந்த சுவிட்ச் பெட்டிக்குப் போய்விட்டாள். கைப்பிடியைக் கீழே இழுத்தாள். அதிலிருந்த துளையில் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

கியெமின் போன் உடனே அலறியது. "பாக்குறேன் சார், பாக்குறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே அவளிடம் ஓடி வந்தான்.

"சாவியைக் குடுங்கக்கா!"

"வேலை முடியட்டும், குடுக்குறேன்."

"உங்க வேலையே போயிடும், தெரியுமா?"

"போனா போகுது. விரல் போனப்பவே நான் ஒண்ணும் செத்துடல."

"கம்பனி சொத்துல பூட்டுப் போட நீங்க யாரு?"

"என் கை மட்டும் என்ன, கம்பனி சொத்தா தம்பி?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கியெமின் முகம் சிவந்தது. இரும்பு வெட்டும் கத்திரியைக் கொண்டுவரச் சொல்லி ஃபூவின் கையில் திணித்தான். "வெட்டுடா அதை!"

ஃபூ கத்திரியைப் பார்த்தான், தோவாவைப் பார்த்தான். கத்திரியைப் புல்லில் போட்டான். "எனக்குக் கை வழுக்குதுண்ணே" என்றான்.

தோவா மீட்டரைக் கம்பியில் கவ்வ வைத்து, ஓட்டம் நின்றுவிட்டதை எல்லாருக்கும் காட்டினாள். பிறகு ஒருவரும் கியெமிடம் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். கியெம் பலகை நிழலில் குந்தி, போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தோவா இரங்கவில்லை. கடைசிக் கனெக்டரும் 'டக்' என்ற பிறகுதான் பூட்டைத் திறந்து சுவிட்சை ஏற்றினாள்.

மறுநாள் அலுவலகத்தில் பெரிய அதிகாரி, "மன்னிப்புக் கேளுங்க, இத்தோட விட்டுடலாம்" என்றார்.

"எதுக்கு மன்னிப்பு? ஒருத்தருக்கும் கை வேகலியே, அதுக்கா?"

அவளைப் பண்ணையின் கடைக்கோடிக்குப் புல் வெட்ட அனுப்பினார்கள். முள்ளும் பாம்புமாகக் கிடந்த இடம். தானாகவே ஓடிப்போவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அவள் லோக்கின் ஆடுகளை ஓட்டிவந்து புல்லில் விட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்தாள். புல் ஒழிந்தது, யாராலும் குறை சொல்ல முடியவில்லை. சைகோன்காரர்கள் வந்து பார்த்து, பண்ணையை வாங்காமலே போனார்கள். அதற்கு அவள் காரணமில்லை என்பது கியெமுக்கே தெரியும்.

இதற்கிடையில் ஃபூவும் மற்றவர்களும் அணைக்காத வரிசையில் கை வைக்க மறுத்தார்கள். உருகின கனெக்டர்கள் குவிந்துகொண்டே போயின.

சாம் மக்களின் காத்தே பண்டிகையன்று தோவாவின் வீட்டில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தபோது, பீர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கியெம் வாசலில் வந்து நின்றான். லோக் இலை போட்டான். வயிறாரச் சாப்பிட்ட பிறகு கியெம் மெல்ல ஆரம்பித்தான்.

"திரும்பி வரிசைக்கு வந்துடுங்கக்கா."

"அணைச்சுட்டுத்தானே?"

"அணைச்சுட்டுத்தான்."

"இங்க கறிச்சட்டி கிட்ட சொன்னாப் பத்தாது. அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"விட மாட்டீங்களே!"

"மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை காலை, எல்லாரும் கூடி நின்றபோது கியெம் தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தான்.

"காத்து அடிக்குது தம்பி, ஒண்ணும் கேக்கல" என்றாள் பின்வரிசையிலிருந்து தோவா.

கியெம் தலையை நிமிர்த்திக் கத்தினான்: "அணைக்காம யாரும் கழட்டக் கூடாது!"

"இப்பக் கேக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிழக்கு வரிசைக்கு நடந்தாள்.