பெரியம்மா தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

அலுமினியத் தூக்கில் மஞ்சள் கரைத்து, வரப்பில் வைத்தே பெரியம்மாவின் தலையில் ஊற்றிக் குலவையிட்டார்கள் குடவாசல் பக்கத்து எங்கள் ஊர் நடவுப் பெண்கள். அம்மாவின் அக்காவான அவளுக்குத் தீட்டு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. அன்று சேலையில் மறுபடியும் கறை. "அக்கா ரெண்டாந்தரம் பெரிய மனுஷி ஆயிட்டாங்க, மாமன் சீர் கொண்டாரச் சொல்லுங்கடி" என்று ஒரே கேலி. பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தப் போகத்தில்தான் அறுவடைக் கூலிக்காகச் சண்டை மூண்டது. கடைத்தெருவில் ஆளுங்கட்சியின் கறுப்பு சிவப்பு, எங்கள் தெருவில் செங்கொடி. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியபோது வயலுக்குக் குறுக்கே படுத்தவள் பெரியம்மா. தாசில்தாரையே எதிர்த்துப் பேசியவள். ஆனால் அந்தக் கேலிக்குப் பிறகு துணியில் என்ன படுகிறது என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கும் எங்கள் தெருவில் வெள்ளைப்படாத பெண்ணே கிடையாது. எல்லாம் சூடு, வெந்தயமும் நீராகாரமும் போதும் என்பதே எங்கள் வைத்தியம். நடவுச் சேற்று வாடையில் அவளுடைய வாடை தெரியவில்லை. அறுப்புக்கு வயல் காய்ந்ததும் தெரிந்தது. குலவையிட்ட பெண்களே தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவள் மயங்கி விழுந்த பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். "ஏம்மா முன்னாடியே வரல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எல்லாருக்கும் படுறதுதானேங்க" என்றாள் பெரியம்மா.

டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் வராந்தாவுக்கு அழைத்தார். "வெள்ளையாவோ தெளிவாவோ, நாத்தமில்லாம பட்டா அது உடம்போட இயல்பு. மாசத்துக்குள்ள கூடும், குறையும். அரிப்பு, தயிர்த் திப்பி மாதிரி வர்றது, மஞ்சள், பச்சை, நாத்தம், இதெல்லாம் வைத்தியம் பார்க்கணும். தீட்டு நின்னவங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்துடணும். இவங்களுக்குக் கர்ப்பப்பை வாயில புத்துநோய். முத்திப்போச்சு."

இப்போது என் மகள் இதையெல்லாம் என்னிடம் நேராகவே கேட்கிறாள், நானும் நேராகச் சொல்கிறேன். அன்று அந்த வராந்தாவில் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கூடுதல் கூலி நெல் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா இல்லை. காரியம் முடிந்து வாய்க்காலில் தலைமுழுகினோம். எல்லோரும் கரையேறிய பிறகும் அம்மா இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"டாக்டரம்மா நாத்தம்னு சொன்னாங்கல்ல" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "எனக்கும் இருக்குடி. அக்காவுக்கு முன்னாடியிருந்தே."