ஐந்தாவது படகின் இம்பெல்லர்

சிங்காநல்லூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது பாடப்புத்தக வரைபடத்தில் நீலமாக அடித்திருக்கும் இடம், அவ்வளவுதான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மனது வைத்தால் குழாயில் வரும் தண்ணீர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பிப் போய் என் சித்தப்பா கடற்படையில் சேர்ந்தார். என்ஜின் அறையில் வேலை. பெரிய போர்க்கப்பலில் இருக்கிறார் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவர் இருந்ததோ ஒரு ரோந்துப் படகில். கேட்டவர்கள் “படகுங்களா” என்று இழுத்தபோது எனக்குத்தான் அழுகை வந்தது. சித்தப்பா சிரித்துக்கொண்டார்.

அந்த வகைப் படகுகள் மொத்தம் ஏழு. ஒரே வரைபடத்தை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியவை. லீவில் வரும்போதெல்லாம் சித்தப்பா ஏழின் கதையையும் சொல்வார். “ஏழும் ஒரு வயித்துப் புள்ளைங்க கண்ணு” என்றுதான் ஆரம்பிப்பார். அப்பாவின் வார்ப்புப் பட்டறையில் அச்சு மண் இடிக்கும் அண்ணன் ஒருவர், குளக்கரையில் கல்லாக இருக்கும் கன்னிமார் ஏழு பேரை நினைத்துக்கொண்டு, அந்தப் படகுகளுக்கும் பொங்கல் வைப்பார்களா என்று கேட்டார். எல்லோரையும் கேலி செய்கிற சித்தப்பா அவரை மட்டும் கேலி செய்யவில்லை.

முதல் இரண்டு படகுகளும் அலையில் மூக்கைக் குத்திக்கொண்டு போயினவாம். அதைப் பார்த்துவிட்டு மூன்றாவதிலிருந்து முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்கள். முதல் இரண்டில் வேலை செய்தவர்கள் வாந்தி எடுத்தே வடிவம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்பார் சித்தப்பா. அவை போட்ட சண்டை என்று எதுவும் இல்லை. கரையோரம் சுற்றுவது, கடத்தல்காரர்களைத் துரத்துவது, புயலில் என்ஜின் நின்றுபோன மீன்பிடிப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்து வருவது. பீரங்கியைவிடக் கயிறுதான் அதிகம் உழைத்தது.

வயதானபின் ஏழும் ஒரே விதமாகப் போகவில்லை. முதலாவதை ஒரு குட்டித் தீவு நாட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கே வேறு பெயர் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவதைப் பயிற்சிக்காகச் சுட்டு மூழ்கடித்தார்கள். இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் குரல் இறங்கிவிடும். மூன்றும் நான்கும் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. மற்றவற்றில் எது பழுதானாலும் அவற்றிலிருந்து கழற்றி மாட்டினார்கள். கழற்ற ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் உடைத்துவிட்டார்கள். ஆறும் ஏழும் அதே வழியில் போயின. கடைசி வரை ஓடியது சித்தப்பாவின் ஐந்தாவது படகுதான்.

அது ஓடியதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அதன் என்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுத்துத் தரும் பம்பு தகராறு செய்தது. உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரம், அதாவது இம்பெல்லர், தேய்ந்துவிட்டது. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டதாம். அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஊருக்குக் கொண்டுபோனால் பார்த்தே செய்து கொடுத்துவிடுவார்கள் என்று சித்தப்பா வாயை விட்டுவிட்டார். எந்த இயந்திரத்தின் எந்த உறுப்பு உடைந்தாலும் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றின் முன்னால் போய் நிற்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கடற்படைக்காரர்களுக்கு அது புதிது. முறைப்படி கடிதமெல்லாம் வாங்கிக்கொண்டு, துண்டில் சுற்றிய இம்பெல்லரோடு சித்தப்பா வந்து சேர்ந்தார்.

அப்பா நடத்தியது கன்மெட்டல் என்கிற வெண்கல வகையை வார்க்கும் சின்ன ஃபவுண்டரி. அவர் இம்பெல்லரைக் கையில் வாங்கி, என் விரலைப் பிடித்து அதன் ஆறு இறக்கைகளில் ஒன்றின் ஓரத்தில் வைத்தார். பிளேடு மாதிரி இருந்தது. மணலும் உப்பும் தின்றது என்றார். “இத அளந்து செஞ்சா தேஞ்சதுதான் வரும்” என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தேயாத காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து மர அச்சு செய்தார். மொத்தம் நான்கு வார்த்தார். என்ஜின் இரண்டு என்பதால் ஓடுவதற்கு இரண்டு, ஸ்பேராக வைத்துக்கொள்ள இரண்டு. ஓரங்களை அவரே உட்கார்ந்து அரத்தால் ராவினார்.

இதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். மர அச்சில் என் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும் என்று அடம் பிடித்தேன். அப்பா மெல்லிய ஈயத் தகட்டில் ‘ம’ என்று வெட்டி, நடுத் துளையின் ஓரத்தில் ஒட்டினார். நான்கிலும் ‘ம’ எழும்பி நின்றது.

“உம் பேரு கடலுக்குப் போவுது கண்ணு” என்றார் சித்தப்பா. அப்புறம் ஒரு மாதம் பள்ளியில் என் பெருமை தாங்காமல் என் பக்கத்தில் யாராலும் உட்கார முடியவில்லை.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் ஐந்தாவது படகுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். சித்தப்பாவும் பணிக்காலம் முடிந்து வந்து எங்கள் மாடியறையில் தங்கி, ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனார். கடைசி நாளைப் பற்றிக் கேட்டால், கொடியை இறக்கினார்கள், வந்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் ஓயாமல் சொன்னார். ஏழில் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று, ஐந்தாவது படகைக் கடற்கரைப் பூங்கா ஒன்றில் மேடை கட்டி நிறுத்தப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய நண்பருக்கு போன் போட்டு அது என்னவாயிற்று என்று கேட்பார். முடிவாகவில்லை என்று பதில் வரும். முடிவாகவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அர்த்தம், என்பார் எங்களிடம். அரையாண்டு லீவில் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. ரயில் டிக்கெட்கூடப் போட்டாயிற்று. பம்பைத் திறக்கச் சொல்லி என் எழுத்தைக் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கடற்கரை வெயிலுக்கு என்று எனக்கு ஒரு தொப்பியும் வாங்கியிருந்தார்.

லீவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, பழைய உலோகம் விற்கும் வியாபாரி கரையோரத்திலிருந்து வந்த சரக்கு என்று பட்டறையில் நான்கு மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். உருக்குவதற்கு முன் காந்தத்தை வைத்து இரும்பைப் பொறுக்குவது எனக்குப் பிடித்த விளையாட்டு. இரண்டாவது மூட்டையைக் கவிழ்த்தேன். வால்வுகளுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் நடுவே ஒரு சக்கரம் பளிச்சென்று உருண்டு வந்தது. எடுத்துப் பார்த்தால் ‘ம’.

எனக்கு வந்தது சந்தோஷம், வேறொன்றும் இல்லை. அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் நிற்காமல் மாடிப்படி ஏறி ஓடினேன்.

“சித்தப்பா, எம் பேரு திரும்பி வந்துருச்சு” என்று அவர் கையில் வைத்தேன்.

சித்தப்பா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டை விரலை இறக்கையின் ஓரத்தில் வைத்து மெதுவாகத் தடவினார். அடுத்த இறக்கை, அதற்கடுத்தது என்று ஆறையும் தடவி முடித்தார். அதற்குள் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது. அப்படியானால் படகு என்ன ஆனது என்று கேட்டேன்.

“தேஞ்சுபோச்சுன்னு கழட்டிப் போட்டிருப்பாங்க கண்ணு. மத்த மூணும் அங்கதான் இருக்குது” என்றார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. சித்தப்பா அப்பாவிடம் கேட்டார். “ஏனுங்கண்ணா, இன்னைக்கு என்ன ஊத்தறீங்க?”

சூலூர்க்காரர் ஒருவருடைய கிணற்று பம்புக்கு என்றார் அப்பா.

“அதுல போட்டுருங்க. இனி நல்ல தண்ணீல ஓடட்டும்.”

நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. என் எழுத்து எனக்கு வேண்டும், அலமாரியில் வைக்க வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் கேட்டு எதையும் மறுக்காத சித்தப்பா அன்று மறுத்தார். பட்டறைக்குள் இறங்கி, இடுக்கியால் அதைப் பிடித்து, உலோகம் உருக்கும் மூசைக்குள் அவரே வைத்தார். ‘ம’ சிவந்து, மஞ்சளாகி, ஒழுகியது. சித்தப்பா நெருப்பின் பக்கத்திலேயே நின்றார். கண்ணைத் துடைத்தபோது சூடு என்றார்.

மில்லில் லீவு கிடைக்கவில்லை என்று பயணமும் ரத்தானது. எழுத்தையும் உருக்கிவிட்டு, கடலையும் காட்டாமல் விட்டவரோடு அந்த லீவு முழுவதும் நான் பேசவில்லை. மாடிக்குச் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கி வருவேன். தொப்பியைக்கூட அவர் கட்டில்மேல் வீசிவிட்டு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது பட்டறையை நான்தான் நடத்துகிறேன். சித்தப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோட்டக்காரர் ஒருவர் தேய்ந்த இம்பெல்லர் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பழக்கத்தில் அதன் ஓரத்தில் விரலை வைத்தேன். பிளேடு மாதிரி இருந்தது. கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய இம்பெல்லரின் ஓரம் தடியாக இருந்தது. அப்பா அரத்தால் ராவிய கோடுகள்கூட அழியவில்லை. தண்ணீரே படாத ஸ்பேர் அது. தேயாத ஸ்பேரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். படகே இல்லை என்று ஆன பிறகுதான் அது மூட்டைக்கு வந்து சேரும். தேய்ந்தது எப்படி இருக்கும், தேயாதது எப்படி இருக்கும் என்று அப்பா என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தும் எனக்கு அன்று புரியவில்லை. சித்தப்பாவுக்கு முதல் இறக்கையிலேயே தெரிந்திருக்கும். அப்படியும் அவர் ஆறு இறக்கைகளையும் தடவிப் பார்த்தார்.