மொன்றியலில் எங்கே சாப்பிடுவது

இல்லை, நாங்கள் கேட்டது ஓர் உணவகத்தின் பெயரை மட்டும்தான்.

பார்க்டேலில் கணவரின் தம்பிமார் மூவரோடு இருக்கிறோம். கல்யாணமாகி ஒரு வருடம். இருவர் மட்டும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அதற்காகத்தான் இந்தச் சனி, ஞாயிறு மொன்றியல் பயணம்.

இன்று அவர் அங்கிருக்கும் தன் மாமிக்குப் போன் எடுத்து, நல்ல சாப்பாட்டுக் கடை எதுவென்று கேட்டார்.

"ஏன், நாங்கள் இஞ்ச செத்தே கிடக்கிறம்?"

பத்து நிமிடத்தில் மாமி திரும்ப எடுத்தார். நான்தான் பேசினேன். சனி மத்தியானம் அவர் வீடு, இரவு சித்தப்பா வீடு, ஞாயிறு வேறு இரண்டு வீடு.

"அப்ப காலமைச் சாப்பாடு, மாமி?" என்றேன் நப்பாசையோடு.

"அதுக்கும் ஆள் இருக்கு, பிள்ளை. வரேக்க புட்டுக்கு வறுத்த மா கொண்டு வா."

மொன்றியலில் சொந்தக்காரர் இல்லாத தெரு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் மா வறுக்கத் தொடங்கினேன்.