ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு டப்பா

தனபால் மாமா எந்தப் பொருளையும் கையில் ஏந்திப் பார்த்துத்தான் வாங்குவார். மிக்ஸியானாலும் தறி மோட்டாரானாலும் உள்ளங்கையில் வைத்து, கண்ணை லேசாக மூடி, கனம் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. இல்லாவிட்டால் தகரம்.

மாமா என் அம்மாவின் தம்பி. வெண்ணந்தூரில் சேலைக்கு டிசைன் போடுகிறவர். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்தார். கட்டம் போட்ட தாளில் பூ வரைந்து பழகினார். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, யாரும் சொல்லித் தராமல், பார்டரும் முந்தியும் அதிலேயே வரையக் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்டவர் மேல் எனக்குக் கோபமே வரக்கூடாது. ஆனால் இந்த ஐப்பசி முழுக்க எனக்கு அவர்மேல் கோபம்தான்.

புரட்டாசியில் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் மாமா இதுவரை வரைந்த டிசைன் எல்லாம் இருந்தன. அவர் அதை மட்டும் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிட்டார். ஐப்பசி பிறந்ததும் இளம்பிள்ளையிலிருந்து சேலை வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். போன வருஷம் நன்றாக ஓடிய யாளி பார்டர், தை முகூர்த்தத்துக்கு மறுபடியும் வேண்டுமாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தறிக்கு வராவிட்டால், பழைய சேலையைக் காட்டி வேறு டிசைனரிடம் வரைந்துகொள்வாராம். அப்படி வரைந்துவிட்டால் அந்த பார்டர் அந்த டிசைனருடையது. மாமா அதைத் தன்னுடையது என்று சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கள் இரண்டு வீட்டிலும் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால் பிளக்கில் மாட்டும் எதுவானாலும் என்னிடம் வரும். ஹார்ட் டிஸ்க்கும் வந்தது, மஞ்சள் துணியோடு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்தபடி.

இந்த பார்டருக்கு வேறெங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். டிசைனைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போவாராம். தறியில் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். ஏறியதும் பென் டிரைவை அழிப்பார். சேலைகள் நெய்து முடிந்த அன்று போய்த் தறியின் கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழிப்பார். எப்போதோ அவர் வரைந்த பார்டர் ஒன்று அடுத்த வாரமே பக்கத்துத் தெருத் தறியில் ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து இப்படி. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கடையில், டிஸ்க்கை வைத்துவிட்டுப் போங்கள், எடுத்துத் தருகிறோம் என்றார்கள். மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகவே வீட்டிலேயே எடுக்க வேண்டும். டிஸ்க்கை ஒரு டப்பாவுக்குள் பொருத்தி, வயர் வழியாக என் லேப்டாப்பில் மாட்ட வேண்டும். எந்த டப்பா என்று இரண்டு மாலை உட்கார்ந்து படித்தேன். ஒருவர் அருமை என்று எழுதியிருந்த அதே டப்பாவை இன்னொருவர் புகைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒன்று தெளிவானது. மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் பெரியது. அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் டப்பா வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பதோ லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன டப்பா.

சேலம் கடையில் சரியானதை எடுத்துக் காட்டினேன். பிளாஸ்டிக். மாமா ஏந்திப் பார்த்துவிட்டு, தகரத்தில்கூட சேராது என்று வைத்துவிட்டார். பக்கத்தில் அலுமினியத்தில் சின்னது ஒன்று இருந்தது. அதை ஏந்தியதும் அவர் முகம் மலர்ந்தது. இதற்குள் டிஸ்க் பொருந்தாது என்றேன். மெல்லத்தான் சொன்னேன். எனக்கே முழு நிச்சயம் இருந்ததா? படித்துத் தெரிந்துகொண்டதுதானே. நாலு வருஷப் படிப்பு, ஒரு டப்பாவின் கனத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது.

அதையே வாங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க்கில் பாதிகூட இல்லை டப்பா.

"ஓரத்துல கொஞ்சம் ராவி உட்டா உள்ள போயிருமா சாமி?" என்றார்.

அவர் அரத்தைத் தேடி எழுவதற்குள் டிஸ்க்கை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் மட்டும் போய் அந்த பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி வந்தேன். மாட்டினேன். விளக்கு எரிந்தது. டிஸ்க் சுழலும் இரைச்சலும் கேட்டது. லேப்டாப் மட்டும் அப்படி ஒன்று வந்ததாகவே காட்டவில்லை. வயரை மாற்றினேன், துளையை மாற்றினேன், ஒன்றும் இல்லை. கனமில்லாத சரக்கு இப்படித்தான் என்று மாமா முடித்துவிட்டார். எனக்கும் வேறு காரணம் தெரியாததால் அதையே நம்பிவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல். ஆன்லைனில் மூன்றாவதாக ஒன்று வரவழைத்தேன். பெரியது, இரும்பு, உள்ளே குட்டி ஃபேன். மாமா ஏந்திப் பார்த்துத் தலையாட்டினார்.

அது வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதிலும் அதே விளக்கு, அதே இரைச்சல், அதே வெறும் திரை. வியாபாரியின் போன் அடித்தது. மாமா எடுக்கவில்லை.

மாமாவின் மனைவி ஸ்ரீதேவி அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மூணு டப்பா ஆச்சு. இன்னும் ரெண்டு வாங்கிப் போடுங்க, அஞ்சறைப் பெட்டிக்கு வெச்சுக்கறேன்."

டப்பா ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை மறுபடியும் வந்தார்.

"பூஜை ரூம்புல யாரு என்ன பத்த வெச்சீங்க? சந்தன வாசம் வருது."

யாரும் எதையும் பற்ற வைக்கவில்லை. டப்பாவின் ஃபேன் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன். சூடேறிய சந்தனம்.

கழற்றினேன். மேலே இருந்த பொட்டு முதல் நாளே பார்த்ததுதான். இப்போது ஓரத்தைப் பார்த்தேன். வயர் சொருகும் குட்டிப் பள்ளத்தில், தகவல் போகும் பக்கம் முழுக்க மஞ்சளாகக் காய்ந்து இறுகியிருந்தது.

"மாமா, பொட்டு எங்கெங்க வெச்சீங்க?"

"மேல ஒண்ணு. மூஞ்சில ஒண்ணு."

"இதுக்கு மூஞ்சி எதுங்க?"

"வயரு போற பக்கந்தான் சாமி. தறிக்கு நூல் போற பக்கந்தான வெக்கறோம்?"

எங்கள் வீட்டில் கிரைண்டருக்குப் பொட்டு உண்டு, சைக்கிளுக்கு உண்டு, என் டிகிரி சான்றிதழ் வைத்த ஃபைலுக்கும் உண்டு. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, என் கண் பொட்டைத் தாண்டிப் போகப் பழகியிருக்கிறது. ஊரில் இல்லாத குறையெல்லாம் டப்பாவில் தேடினேன். டிஸ்க்கின் முகத்தைப் பார்க்கவில்லை.

மருந்துக்கடை ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷும் வைத்துப் பொறுமையாகச் சுரண்டினேன். காயவிட்டு, இரண்டாவதாக வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவிலேயே மாட்டினேன். உடனே திரையில் வந்தது. மாமாவின் கை என் தோளில் இறங்கியது. பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் அக்கட்டால திரும்பிக்க சாமி. டிசைனத் தொறக்கோணும்."

திரும்பி உட்கார்ந்தேன். சுவரில் பல்லி இருந்தது. முதுகுக்குப் பின்னால் மௌஸ் சத்தம். யாளி பார்டர் பத்திரமாக இருந்ததை மாமா விட்ட மூச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். சுவரைப் பார்த்தபடியே, இன்னொரு இடத்தில் காப்பி வைக்காவிட்டால் அடுத்த தடவை நான் வரமாட்டேன் என்றேன். மௌஸ் சத்தம் நின்றது.

"உன்ற லேப்டாப்புலயே வெச்சுக்க. ஆனா பூட்டோணும்."

ஃபைலுக்கு எப்படிப் பூட்டுப் போடுவது என்று காட்டிவிட்டு மறுபடியும் திரும்பிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தார். பார்டர் தறியில் ஏறிவிட்டது, பென் டிரைவையும் அழித்தாயிற்று என்றார். வைக்கப் போனவர் நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பூட்டுக்கு நான் என்ன எழுத்துப் போட்டேன்னு உனக்குத் தெரியுமா சாமி?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா என்றேன்.