குறித்துக்கொள்ளப்பட்டது

அந்த ஆடைக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மினிட்ஸ் அக்கா. இயக்குநர் குழு கூடும்போது மேசைக் கோடியில் உட்கார்ந்து, பேசுவதைச் சுருக்கெழுத்தில் பிடித்து, கூட்டக் குறிப்பாகத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குப் பிடிபட்டது இரண்டே சொற்கள். ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று தட்டினால் ஆள் நகரும், சுவர்கூட நகரும். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று தட்டினால் ஒரு ஈ நகராது.

தலைவர் அறைக்குப் புதுத் தரைவிரிப்பு: தீர்மானிக்கப்பட்டது. துவைப்புப் பிரிவில் புகை வெளியேற விசிறிகள்: குறித்துக்கொள்ளப்பட்டது.

துவைப்புப் பிரிவில்தான் அக்காவின் நாத்தனார் இருந்தாள். புது ஜீன்ஸ் மேல் மருந்தடித்துப் பழசு போலக் காட்டும் வேலை. வாங்குகிறவர்களுக்கு அப்படித்தான் வேண்டுமாம். தூசு பட்டுத் துணி கெடும் என்று ஜன்னல்களை ஆணியடித்து வைத்திருந்தார்கள். அடித்த மருந்து போக வழியில்லாமல் பெண்களின் நெஞ்சுக்குள் போயிற்று.

“புதுசைப் பழசாக்கிப் பழசாக்கி நானும் பழசாயிட்டேன் அண்ணி” என்பாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும்.

இன்னும் ஆறு மாதம் அதே காற்று என்றால் மாடிப்படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வேலைய விட்டுத் தொலையேன்.”

“விட்டுட்டு? உங்க ரெண்டு பேர் சம்பளத்துல ஏழு வாய். நீங்க பெரிய மனுஷங்க ரூம்லயே உட்கார்றீங்க. ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?”

“நான் எழுதறவ. பேசறவ இல்ல.”

“நல்லா எழுதினீங்க போங்க.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே கம்பெனியின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. வழவழப்பான தாள். ‘நிலைத்த வளர்ச்சி, நியாயமான பணியிடம்’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே முகக்கவசம் போட்டுக்கொண்டு கண்ணால் சிரிப்பவள் சாட்சாத் நாத்தனார். படம் எடுத்த கையோடு அந்தக் கவசத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது அறிக்கையில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு புது இயக்குநர் அம்மாள் வந்திருந்தார். கம்பெனியில் பங்கு வாங்கியிருந்த பெரிய வாடிக்கையாளர் அனுப்பிய ஆள். தலைவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“போன கூட்டக் குறிப்பு, வாசிச்சதா வச்சுக்கலாமா?”

எல்லாத் தலைகளும் ஆடின. அவள் தட்டிய ஒரு வரியையும் அந்த அறையில் யாரும் வாசித்ததில்லை.

“வாசிக்கலையே சார்” என்றாள் அக்கா.

கம்பெனிச் செயலர் பல்லைக் கடித்தார். “ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“யாராவது கேட்டா வாசிக்கணும்னு விதியிருக்கு சார்.”

“யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. புது அம்மாள்தான் கைப்பையைக் கிளறியபடி, “எனக்காக வாசிங்க. கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்” என்றார்.

அக்கா எழுந்து நின்று வாசித்தாள். “ஏழாவது பொருள். துவைப்புப் பிரிவுக்கு விசிறிகள். குறித்துக்கொள்ளப்பட்டது.” கோப்பைப் புரட்டினாள். அதற்கு முந்தைய கூட்டம்: குறித்துக்கொள்ளப்பட்டது. அதற்கும் முந்தையது. அவள் குரல் ஏறவே இல்லை. தாள்தான் புரண்டுகொண்டே போனது. பதினோரு கூட்டம்.

“என்னத்தக் குறிச்சுக்கிட்டீங்க?” என்றார் புது அம்மாள். “எங்க, அந்தப் பேப்பரக் காட்டுங்க.”

ஆளுக்கொரு குறிப்பேடு முன்னால் இருந்தது. வெள்ளை வெளேரென்று. ஒருவர் மட்டும் படகு வரைந்திருந்தார்.

தலைவர் கனைத்துக்கொண்டார். வாடிக்கையாளரின் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! எத்தனை விசிறி, எப்போது வரும், ஜன்னல் ஆணியை யார் பிடுங்குவது, எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. தீர்மானிக்கப்பட்டது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் செயலர் சொன்னார்: “நாளையிலேர்ந்து நீங்க தபால் பிரிவுக்குப் போயிடுங்க.”

“குறிச்சுக்கிட்டேன் சார்” என்றாள்.

வீட்டில் நாத்தனார் வாசலுக்கே ஓடிவந்தாள். சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. “பேசிட்டீங்களாமே அண்ணி!”

“பேசல. வாசிச்சேன்.”

“விசிறி வருதாம்ல? சிரிங்களேன் கொஞ்சம். மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க?”

அக்கா பையை நாற்காலியில் வீசினாள். தண்ணீர்ச் செம்பை எடுத்தாள், குடிக்காமல் ணங்கென்று வைத்தாள்.

“நாலு நிமிஷம்டி. மூணு வருஷமா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இருமுறியே... நாலே நிமிஷ வேலை அது.”